பெருஞ்சிரையின் சாட்சி

ஒருவர் உடம்பில் தண்ணீர் கூடுதலா குறைவா என்பதை, அவரையும் நம்பாமல், அவர் மனைவியையும் நம்பாமல், முடிந்தவரை என்னையும் நம்பாமல் கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

கொஞ்சம் விளக்க வேண்டும். கல்லீரலின் பின்பக்கமாக ஒரு பெரிய குழாய் போகிறது. கால், வயிறு, கிட்னி எல்லா இடத்திலிருந்தும் ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய். பள்ளிப் புத்தகம் இதைக் கெட்ட ரத்தம் என்கிறது. அது ஒன்றும் கெட்டதில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிற ரத்தம், அவ்வளவுதான். ஸ்கேன் கருவியை நெஞ்செலும்புக்குக் கீழே வைத்துக் கொஞ்சம் சாய்த்தால், கட்டைவிரல் தடிமனில் அந்தக் குழாய் திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். மூச்சு இழுக்கும்போது அது சுருங்கினால் இதயத்தின் வலதுபக்கத்தில் அழுத்தம் அதிகமில்லை. உப்பிப்போய், மூச்சுக்கு அசையாமல் கிடந்தால், இதயம் வாங்கிக்கொள்ள முடியாத ரத்தம் வாசலில் காத்து நிற்கிறது. இதை வைத்துத்தான் சலைன் ஏற்றுவதா, நீர் பிரிய ஊசி போடுவதா என்று யோசிக்கிறோம். யோசிக்கிறோம் என்றுதான் சொன்னேன், முடிவெடுக்கிறோம் என்று சொல்லவில்லை. அந்தக் குழாய் தனியாக நின்று சொல்லும் சாட்சியை விவரம் தெரிந்த யாரும் முழுசாக ஏற்கமாட்டார்கள்.

இந்தக் குழாய்க்கு நம் பேச்சில் பெயர் கிடையாது. நமக்கு எல்லாமே நரம்பு. ஊசி போடுவது நரம்பில், சுளுக்குவது நரம்பு, கோபத்தில் புடைப்பது நரம்பு, வீணையில் மீட்டுவதும் நரம்பு. கலைச்சொல் அகராதிதான் இதைப் ‘பெருஞ்சிரை’ என்கிறது. எனக்கு அகராதி படிக்கிற பழக்கம் உண்டு. அதன் விளைவுகளைப் பின்னால் சொல்கிறேன்.

தராசு, தெர்மாமீட்டர், பால் மானி, பிள்ளை கொண்டுவரும் மார்க் ஷீட் என்று ஏதாவது ஒன்றை வைத்து உலகத்தை அளந்து பிழைக்கிற எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும். நாம் மீட்டரைச் சந்தேகப்படுவோம். உலகம் நம்மைச் சந்தேகப்படும்.

போர்டு

எங்கள் ஆஸ்பத்திரி தொப்பூர் கணவாயிலிருந்து அரைமணி நேரப் பயணம். இந்தப் பக்கத்தில் ‘ஸ்கேன்’ என்ற சொல்லுக்குப் பழைய நிழல் ஒன்று உண்டு. கைப்பெட்டிக்குள் அடங்கும் மெஷினோடு ஊர் ஊராகப் போய், கருவில் இருப்பது என்னவென்று காதோடு சொல்லிவிட்டுப் போன ஆட்களை மக்களும் மறக்கவில்லை, அரசாங்கமும் மறக்கவில்லை. அதனால் எங்கள் சின்ன மெஷின் எந்த வார்டுக்குப் போனாலும் அதன் தள்ளுவண்டியில் கட்டிய போர்டும் கூடவே போகும்: ‘கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கு தெரிவிக்கப்படமாட்டாது. அது சட்டப்படி குற்றம்.’

மாதப்பன் வந்து சேர்ந்தது ஒரு சித்திரை மாதத்துக் காலை. வயது ஐம்பத்தெட்டு. கணவாயில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி நிறுத்தும் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாரடைப்பு வந்து இதயம் பலவீனப்பட்டிருந்தது. இப்போது மூன்று நாளாக அசதி, லேசான மூச்சிரைப்பு, சிறுநீர் பாதியாகக் குறைந்துவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருந்தது. அதை எங்கள் ஊரில் ‘கிட்னியில உப்பு’ என்பார்கள். ஓரிரு நாளில் கிட்னி வழிக்கு வராவிட்டால் சேலத்துக்கு அனுப்பி டயாலிசிஸ் செய்ய வேண்டியதுதான். அவருடைய அண்ணன் அந்த மெஷினில் வாரம் மூன்று நாள் படுத்து, வேறு எதற்கும் உதவாமல் போனவர். மாதப்பன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: திரும்பக் கிரேன் ஏற முடியுமா? பார்க்கலாம் என்றேன். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் சட்டையைத் தூக்கச் சொல்லி, வயிற்றில் பசையைத் தடவி, மெஷினை அருகில் இழுத்தேன். அவர் என்னைப் பார்த்தார்: லேடி டாக்டர். மெஷினைப் பார்த்தார்: ஸ்கேன். போர்டை எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் மனைவி பச்சையம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எனக்கு ரெண்டுமே வேணாங்க டாக்டரம்மா.”

நாக்கு

திரையில் பெருஞ்சிரை தண்டவாளம் மாதிரி கிடந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலம், மூச்சுக்கு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. தண்ணீர் கூடுதல் என்று தோன்றியது. எங்கள் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

பெரிய டாக்டருக்கு என் மெஷின்மேல் பகை கிடையாது. அலட்சியம் மட்டும்தான். முப்பது வருஷமாக விரலையும் கண்ணையும் வைத்தே வைத்தியம் பார்த்து, பெரும்பாலும் சரியாகவே பார்த்தவர். அவர் வந்து மாதப்பனின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் சாவகாசமாகத் திரும்பிப் போனது. நாக்கை நீட்டச் சொன்னார். உப்புத்தாள் மாதிரி வறண்டிருந்தது. கணுக்காலை அமுக்கினார். குழி விழவில்லை. ரத்த அழுத்தமும் குறைவு. கடைசியாகக் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். நோயாளிக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கமே இல்லை என்று அதில் இங்கிலீஷில், என் கையெழுத்தில், முத்துமுத்தாக இருந்தது.

“வெயில்ல இரும்புக்குள்ள உக்காந்து வேலை. தண்ணியும் குடிக்கறதில்ல. ஆள் காய்ஞ்சு கெடக்கார்” என்றார். “பழைய அட்டாக் கேஸ். இவருக்குக் குழாய் எப்பவுமே உப்பித்தான் இருக்கும். சலைன் போடு.” அதுவும் நடக்கக்கூடியதுதான், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என் குழாயும் என் கையெழுத்தும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. நான் கையெழுத்தை நம்பினேன். அது அழகாக இருந்தது. சலைன் இறங்கத் தொடங்கியதும், பெரிய டாக்டர் போகிற போக்கில் என் தோளைத் தட்டிச் சொன்னார்:

“ஏம்மா, நாக்கு பொய் சொல்லாது. உன் டப்பா சொல்லும்.”

ரெண்டு குழாய்

அவர் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பெருஞ்சிரைக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ அதே தடிமனில், இதயத்திலிருந்து வெளியே போகிற பெருந்தமனி ஓடுகிறது. ஒன்று வரும் வழி, இன்னொன்று போகும் வழி. நான் இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் ஒரு நோயாளியின் குழாயைக் காட்டி, “பாருங்கள், உப்பிக் கிடக்கிறது, மூச்சுக்குச் சுருங்கவே இல்லை” என்று வார்டுக்கே பாடம் நடத்தினேன். எங்கள் வார்டு நர்ஸ் ஃபாத்திமா சிஸ்டர் சலைன் பாட்டிலை மாட்டியபடி எட்டிப் பார்த்தார். “மேடம், அது குதிக்குதே, சிரை குதிக்குமா?” என்றார். நான் காட்டிக்கொண்டிருந்தது தமனி. அது எந்த மூச்சுக்கும் சுருங்காது, துடிப்பதுதான் அதன் வேலை. பெரிய டாக்டர் அன்று கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். குழாய் இதயத்துக்குள் போய்ச் சேர்கிறதா? கல்லீரலின் சிரை வந்து அதில் கலக்கிறதா? சுவர் மெலிசாக இருக்கிறதா? மாதப்பனுக்கும் அன்று மத்தியானம் திரும்பப் போய் மூன்றையும் பார்த்தேன். மூன்றும் சரி. சிரைதான், சந்தேகமில்லை. இருந்தாலும் ஃபாத்திமா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இன்னிக்குக் குழாய் சரியான குழாய்தான் மேடம். ஷீட்ல இருக்கற ஆளுதான் இந்த ஆளான்னு பாத்துக்கங்க.”

பொடி

மெஷினுக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நோயாளி சும்மா மூச்சு விட்டால் சில சமயம் குழாய் அசைகிறதா என்று தெரியாது. அப்போது, “மூக்கை ஒரு தடவை வேகமா உறிஞ்சுங்க” என்று சொல்ல வேண்டும். நெஞ்சு சட்டென்று ரத்தத்தை இழுக்கும், சிரை சுருங்கும். இது சொல்வதற்கு எளிது. பாதிப்பேர் சளி இல்லையே என்பார்கள். மீதிப்பேர் பசையின் குளிர்ச்சிக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

மாதப்பனுக்கு அடுத்த கட்டிலில் வத்தல்மலைக்காரர் ஒருவர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தார். ராகி விவசாயி. அவரை உறிஞ்சச் சொன்னேன். வலது கையின் இரண்டு விரலைச் சேர்த்து மூக்கருகே கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, வெறும் விரலைப் பார்த்தார். நாற்பது வருஷம் பொடி போட்டவர். பொடி இல்லாமல் அந்த மூக்கு எதையும் இழுக்கத் தயாராக இல்லை. “சும்மாத்தாங்க, பொடி இருக்கிற மாதிரி நெனச்சுக்கங்க” என்றேன். அவர் கண்ணை மூடி, நினைத்து, இழுத்தார். திரையில் பெருஞ்சிரை காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டது. நிஜமாகவே காய்ந்து கிடக்கும் உடம்பு. அவருக்குச் சலைன் சரி. அந்தக் கட்டிலில் காய்ந்த சிரை, இந்தக் கட்டிலில் வீங்கிய சிரை, இரண்டுக்கும் ஒரே வைத்தியம். எனக்கு அது உறுத்தியது. வத்தல்மலைக்காரருக்கு உறுத்தியது வேறு.

“இல்லாத பொடிய இழுத்ததுக்கே நம்பிருச்சுங்களே, இந்த மெஷின எப்படிங்க நம்பறீங்க?”

பெருஞ்சிறை

சாயங்காலம் மாதப்பன் இரண்டு தலையணை கேட்டார். காலையில் ஒன்று போதுமாக இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். நான் பச்சையம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு அவர் மொழியிலேயே விளக்க வேண்டும் என்ற கொள்கையோடு ஆரம்பித்தேன். “உங்களுக்குப் பெருஞ்சிரையில அழுத்தம் அதிகமா இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம்” என்றேன். இருவர் முகமும் மாறியது. பச்சையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு கலைச்சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எழுத்தில் சிரைக்கும் சிறைக்கும் எவ்வளவோ தூரம். ஒன்று இடையினம், ஒன்று வல்லினம். வாயில் அந்தத் தூரம் கிடையாது. அகராதியில் பிறந்த சொல் தெருவுக்கு வந்தால் இப்படித்தான் வேறு யாருடைய சட்டையையோ மாட்டிக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு முன் கணவாயில் கவிழ்ந்த லாரி ஒன்றைப் பற்றி போலீஸ் மாதப்பனிடம் இரண்டு தடவை விசாரித்திருக்கிறார்கள். டாக்டரம்மா சேலம் பெரிய ஜெயிலைத்தான் சொல்கிறார், மேலேயிருந்து அழுத்தம் வருகிறது, அவருக்கே சந்தேகமாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் புரிந்துகொண்டார்கள். மாதப்பன் எழுந்து உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

“வண்டிய நான் தூக்குனது மட்டுந்தாங்க டாக்டரம்மா. கவுத்தது நான் இல்லைங்க.”

ரிஜிஸ்டர்

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை வந்தது. கிரியாட்டினின் இறங்கவில்லை, ஏறியிருந்தது. இரவெல்லாம் சேர்ந்த சிறுநீர் ஒரு டம்ளர் இருக்கும். பெரிய டாக்டர் சலைனை இன்னும் ஒரு பாட்டில் ஓடவிட்டுப் பார்ப்போம் என்றும், நாளைக் காலை வரை திருந்தாவிட்டால் சேலத்துக்கு எழுதிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் மாதப்பன் வயிற்றில் கருவியை வைத்த அதே நேரம், ஸ்கேன் மெஷின்களைச் சரிபார்க்கும் ஆய்வாளர் வார்டுக்குள் வந்தார். நல்ல மனிதர், வேலையை வேலையாகச் செய்கிறவர். ஆண்கள் வார்டில், திரை போட்டு, ஒரு லேடி டாக்டர் ஸ்கேன் பார்க்கிறார் என்றால் அவருக்கு வருகிற சந்தேகம் நியாயமானது. திரையை விலக்கினார். உள்ளே மீசையோடு மாதப்பன் படுத்திருந்தார்.

ஆய்வாளர் பின்வாங்கவில்லை. கர்ப்பிணிகளுக்கான ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு இந்த மெஷினில் யாருக்கு எது பார்த்தாலும் தனி நோட்டில் எழுதி வையுங்கள் என்றார். ஃபாத்திமா சிஸ்டர் கைக்குக் கிடைத்த பழைய நோட்டு ஒன்றைப் பிரித்தார். அதில் கட்டம் ஏற்கெனவே போட்டிருந்தது: பெயர், வயது, கணவர் பெயர், எத்தனையாவது மாதம். சிஸ்டர் மாதப்பன் என்று எழுதி, ஐம்பத்தெட்டு என்று எழுதி, அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். மாதப்பன் பச்சையம்மாளைப் பார்த்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் கிளம்பும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“கோடு போட்டாவது வைங்க மேடம். எழுதினதுல எனக்குச் சந்தேகம் வராது. எழுதாததுலதான் வரும்.”

மீட்டர்

அவர் போனபின் மெஷினைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை பெருஞ்சிரையோடு நிற்கவில்லை. கல்லீரலிலிருந்து அதில் கலக்கும் சிரைகளையும் பார்த்தேன். ரத்தம் இதயத்தை நோக்கிப் போக வேண்டிய இடத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. கிட்னிக்குத் தண்ணீர் போகாதது பிரச்சினை இல்லை. கிட்னியிலிருந்து ரத்தம் வெளியே வர வழியில்லை. முதல் நாள் பட்ட பாட்டுக்குப் பின் அகராதியை மூடிவைத்துவிட்டு, மாதப்பனிடம் அவர் இடத்து உதாரணத்தைச் சொன்னேன்: கணவாயில் ஒரு லாரி குறுக்கே விழுந்தால் பின்னால் டோல்கேட் வரைக்கும் வண்டி நிற்குமே, அப்படி உங்கள் ரத்தம் நிற்கிறது, நாங்கள் பின்னாலிருந்து இன்னும் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறோமோ என்று பயமாக இருக்கிறது.

அவர் மூன்றாவது தலையணையில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடியே ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, இந்த மீட்டர் சரியாகக் காட்டும் என்று உங்களுக்கு எவ்வளவு உறுதி என்றார். நான் நேர்மையாக, “முக்கால்வாசி” என்றேன். மீதிக் கால்வாசிக்குக் காரணம் நீங்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அப்போதே முடிச்சு அவிழ்ந்திருக்கும். கணவாய் இறக்கத்தில் பிரேக் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று காட்டும் மீட்டரோடு உருண்டு கிடந்த லாரிகளை அவர் எத்தனை பார்த்திருப்பார். சிரமப்பட்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்:

“மீட்டர நம்பி எறங்குனவங்களத்தாங்க டாக்டரம்மா, நான் கிரேன்ல தூக்கறேன்.”

எந்தத் தண்ணி

அந்த வாக்கியத்தோடு மெஷினை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். தள்ளுவண்டியின் சக்கரம் கட்டிலுக்கடியில் எதிலோ இடித்தது. ஒரு காலி பாட்டில் உருண்டு வந்தது. இரண்டு லிட்டர் பாட்டில். குனிந்து பார்த்தேன். அதன் பின்னால் இன்னும் இரண்டு. பச்சையம்மாளைப் பார்த்தேன். “நேத்திருந்து குடிச்சதுங்க. தாகம் அடங்க மாட்டேங்குது அவருக்கு. வூட்ல இருந்தா இதோட மோரும் ஒரு சொம்பு குடிப்பார்” என்றார். கிரேனில் அஞ்சு லிட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்குமாம். அது மத்தியானத்துக்குள் காலியாகிவிடுமாம்.

கேஸ் ஷீட்டை எடுத்து என் முத்தெழுத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, “சேர்ந்த அன்னிக்கு, தண்ணி குடிப்பீங்களான்னு நான் கேட்டேன். தொடறதே இல்லைங்கன்னு சொன்னீங்களே” என்றேன். மாதப்பன் பச்சையம்மாளைப் பார்த்தார். பச்சையம்மாள் தரையைப் பார்த்தார். ஃபாத்திமா சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அட்டாக் வந்த நாளிலிருந்து அவர் சாராயக் கடைப் பக்கமே போகவில்லையாம். புது டாக்டர் வந்ததும் அதைத்தான் கேட்கிறார் என்று பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். தண்மை, நீர், தண்ணீர் என்று வேர்ச்சொல் பிரித்துப் பழகிய நான், அதை அப்படியே இங்கிலீஷில் மொழிபெயர்த்து எழுதிவிட்டேன். இங்கிலீஷில் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். மாதப்பன் எனக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னார்:

“ஆஸ்பத்திரியில தண்ணி குடிப்பியான்னு கேட்டா, அது எந்தத் தண்ணின்னு எங்க பக்கம் பால்குடிப் புள்ளைக்கும் தெரியுங்களே டாக்டரம்மா.”

மறுபடியும் நாக்கு

பெரிய டாக்டரிடம் ஓடினேன். சொன்னேன். அவர் உடனே எழுந்து வந்தார். மாதப்பனை நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து உட்காரவைத்து, கழுத்தின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே இருக்கும் சிரையும் உப்பிக் காது மடல் வரை ஏறி நின்றது. முதல் நாளே அதை அவர் பார்த்திருக்கலாம், நானும் பார்த்திருக்கலாம். எழுதியிருந்ததைப் படித்தபின் இருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. அவரே சலைனை மூடினார். நீர் பிரிய ஊசி போடச் சொன்னார். மறுநாளைக்கென்று சேலத்துக்கு முன்கூட்டியே எழுதிவைத்த கடிதம் மேசைமேல் தயாராகக் கிடந்தது. அதைக் கிழிக்கவில்லை, ஒரு புத்தகத்துக்குள் வைத்தார்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் பையில் ஒன்றும் சேரவில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன், சிரையைச் சந்தேகப்பட்டேன், பச்சையம்மாளின் பாட்டில்களையும் சந்தேகப்பட்டேன். இரண்டாவது ஊசிக்குப் பின் பை நிறைய ஆரம்பித்தது. மறுநாள் காலைக்குள் ஃபாத்திமா சிஸ்டர் அதை நான்கு தடவை காலி செய்தார். தலையணை மூன்றிலிருந்து ஒன்றானது. அதற்கடுத்த நாள் கிரியாட்டினின் கீழே திரும்பியது. முழுசாக இல்லை, திரும்பியது. நாக்கு எப்படி வறண்டது என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். வாயால் மூச்சு வாங்கினால் யார் நாக்கும் வறளும், குடித்ததெல்லாம் ரத்தத்தில் நிற்க நாக்கு மட்டும் காய்ந்திருக்கும் என்றார். கடிதத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார், கிழிக்கிற வேலை என்னுடையது என்பதுபோல. பிறகு சொன்னார்:

“அவர் நாக்கு பொய் சொல்லலம்மா. உன் நாக்குதான் தப்பாக் கேட்டுது.”

பாட்டில்

ஆறாம் நாள் மாதப்பனை வீட்டுக்கு அனுப்பினோம். கிட்னி பழைய நிலைக்கு முழுசாக வரவில்லை, ஆனால் டயாலிசிஸ் பேச்சு போய்விட்டது. கிரேனில் ஒரு மாதம் கழித்து ஏறலாம், உச்சிவெயிலில் கூடாது என்றேன். பிறகு தண்ணீர் விஷயத்துக்கு வந்தேன். இந்தத் தடவை ஒரு வக்கீல் மாதிரி பேசினேன். “பச்சைத் தண்ணி, சுடுதண்ணி, மோர், டீ, இளநீர், கூழ், ரசம், பழச்சாறு, ஐஸ், எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். இதுல வராத தண்ணி ஒரு சொட்டும் கூடாது.” பச்சையம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். கையில் ஒன்றரை லிட்டர் பாட்டில். அதில் பெயிண்டால் கோடு போட்டிருந்தார், கிரேனில் எடை ஏற்றும்போது போடுவதுபோல மூன்று கோடு. படுத்து, தானாகவே சட்டையைத் தூக்கி, போர்டைப் பார்க்காமல், சொல்வதற்கு முன்பே மூக்கை உறிஞ்சினார். திரையில் பெருஞ்சிரை ஒழுங்காகச் சுருங்கி விரிந்தது. அவரே எட்டிப் பார்த்தார். இனி கிரேன் ஏறலாம் என்றேன். உடனே எழுந்திருக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கேஸ் ஷீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார், இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் என் முத்தெழுத்தில் விரலை வைத்தார்.

“ஏறலாம்னா எந்த ஏறலாமுங்க டாக்டரம்மா, ஒரு தடவ தமிழ்ல எழுதிக் குடுத்துருங்க.”

எழுதிக் கொடுத்தேன், ஆனாலும் இரண்டு சென்டிமீட்டர் குழாயைச் சந்தேகப்பட மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்ட எனக்கு, மூன்றெழுத்துச் சொல் ஒன்றைச் சந்தேகப்படக் கற்றுக்கொள்ள ஒரு மனிதருடைய கிட்னியைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை.